அம்புக்குறி எந்தப் பக்கம்?

கும்பகோணத்தில் வீட்டு மாடியில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். சகப்பிணைப்பு வரை எல்லாரும் ஓட்டமாக வந்துவிடுவார்கள். இரண்டு அணுக்கள் ஓர் இணை எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன, 1916-இல் அமெரிக்க வேதியியலாளர் லூயிஸ் சொன்னது, புள்ளி வைத்து வரைந்தால் மதிப்பெண். முனைவுத்தன்மை (எலக்ட்ரான்கள் ஒரு பக்கம் சாய்வதால் ஒரு முனை எதிர்மின், மறுமுனை நேர்மின் ஆவது) வந்ததும் ஒரு குறுக்குவழியைப் பிடித்துக்கொள்கிறார்கள். எந்த அணு எலக்ட்ரானைத் தன் பக்கம் எவ்வளவு இழுக்கும் என்று சொல்லும் எலக்ட்ரான் கவர்தன்மை அட்டவணையைப் பார், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழி, விடை பெரிசா, முனைவுள்ள மூலக்கூறு என்று எழுது. தனி ஒரு பிணைப்புக்கு அது சரி. முழு மூலக்கூறுக்கு எடுபடாது.

கார்பன் டைஆக்சைடிலேயே அது மாட்டிக்கொள்ளும். கார்பன் 2.55, ஆக்சிஜன் 3.44. பிணைப்பு இரண்டும் முனைவுள்ளவைதான். ஆனால் நேர்கோட்டு வடிவத்தில் எதிரெதிராக இழுப்பதால் மொத்த இருமுனை திருப்புத்திறன், அதாவது மூலக்கூறு முழுவதன் முனைவின் அளவு, பூஜ்ஜியம். நீர் 104.5 டிகிரியில் வளைந்திருக்கிறது, அதனால் 1.85 டெபை. (டெபை என்பது இந்தத் திருப்புத்திறனை அளக்கும் அலகு, பீட்டர் டெபையின் பெயரில் வந்தது. 1936-இல் அவர் வேதியியல் நோபல் வாங்கியதில் இந்தத் திருப்புத்திறன் ஆராய்ச்சிக்கும் பங்கு உண்டு.) இதுவரை யாரும் சண்டைக்கு வருவதில்லை.

சண்டை அம்மோனியாவில் தொடங்கும். நைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் வித்தியாசம் 0.84. நைட்ரஜன் டிரைஃபுளூரைடில், நைட்ரஜனுக்கும் ஃபுளூரினுக்கும் 0.94. வடிவமும் ஏறக்குறைய ஒன்றே, இரண்டும் பிரமிடு. அப்படியானால் ஃபுளூரின் உள்ளதுதானே கூடுதல் முனைவு காட்ட வேண்டும்? அம்மோனியா 1.47 டெபை, மற்றது 0.24-ஐ ஒட்டி. நீட் தேர்வுக்குப் படிப்பவர்கள் விடையை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால் கூரையைப் பார்ப்பார்கள்.

இதற்காகவே களிமண் உருண்டையும் விளக்குமாற்று ஈர்க்குச்சியும் வைத்திருக்கிறேன். மேலே நைட்ரஜன், கீழே மூன்று கால்கள், உச்சியில் தனித்த எலக்ட்ரான் இரட்டைக்கு (பிணைப்பில் சேராமல் நைட்ரஜனிடமே இருக்கும் இரண்டு எலக்ட்ரான்கள்) ஒரு குட்டி உருண்டை. இப்போது எலக்ட்ரான்கள் சாயும் பக்கம் அம்பு போடச் சொல்வேன். அம்மோனியாவில் ஹைட்ரஜன்களிடமிருந்து மூன்று அம்புகளும் நைட்ரஜனை நோக்கி மேலே போகின்றன. தனித்த இரட்டையின் அம்பும் மேலேதான். எல்லாம் ஒன்று சேர்கிறது. மற்றதில் ஃபுளூரின் மூன்றும் கீழே இழுக்க, தனித்த இரட்டை மட்டும் மேலே இழுக்கிறது. பெரும்பகுதி அடிபட்டுப் போய், மிச்சம் கொஞ்சம்தான். அம்பு போட்டுப் பார்த்த பிள்ளை அதற்கப்புறம் மனப்பாடம் செய்வதில்லை.

கழித்தல் கணக்கை நம்பியே தீருவேன் என்பவர்களுக்கு ஓசோன் இருக்கிறது. மூன்றுமே ஆக்சிஜன், வித்தியாசம் பூஜ்ஜியம். ஆனாலும் வளைந்த வடிவம், நடு அணுவும் ஓர அணுக்களும் ஒரே நிலையில் இல்லை. 0.53 டெபை.

கார்பன் மோனாக்சைடைப் பாடத்தில் தொடுவதில்லை, கேட்கிற பிள்ளைக்கு மட்டும் சொல்வேன். ஆக்சிஜன்தான் எலக்ட்ரானை அதிகம் கவரும், ஆனால் எதிர்மின் முனை கார்பன் பக்கம்! திருப்புத்திறன் வெறும் 0.11 டெபை. ஆக்சிஜன் பக்கம் இழுப்பதை, கார்பனிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தனித்த இரட்டை ஈடுகட்டி, ஒரு பிடி கூடுதலாகவே திருப்பிவிடுகிறது. மூடிய அறையில் கரி அடுப்புப் புகையைச் சுவாசித்தால், ஹீமோகுளோபினின் இரும்போடு போய் ஒட்டுவதும் அந்தக் கார்பன் முனைதான்.