விழுங்கக் கூடாத மாத்திரை

மருந்தகக் கவுன்ட்டரில் எல்லா மருந்தையும் சத்தமாகச் சொல்லிக் கொடுப்போம். பிறப்புறுப்புக்குள் வைக்கும் மாத்திரை என்றால் மட்டும் பலருக்கும் குரல் இறங்கிவிடும். உறையில் "இரவு 1" என்று எழுதி நகர்த்திவிடுவார்கள். பின்னால் வரிசையில் ஆண்கள் நிற்கும்போது, வாங்கும் பெண்ணும் எதுவும் கேட்க மாட்டார்.

அதன் விளைவு என்னிடம் வந்து சேரும். "சாக்பீஸ் மாதிரி இருந்துச்சுக்கா, தண்ணி குடிச்சு முழுங்கினேன். அரிப்பு நிக்கவே இல்ல" என்றார் ஒரு பெண். அது பூஞ்சைத் தொற்றுக்கான க்ளோட்ரிமசோல். தொற்று இருக்கிற இடத்திலேயே கரைந்து வேலை செய்வதற்காகச் செய்த மாத்திரை. அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. மாத்திரை என்றால் விழுங்குவதுதானே வழக்கம்?

நான் இவர்களைச் சற்றுத் தள்ளி அழைத்துப்போய் முழுதாகச் சொல்லிவிடுவேன். கையைக் கழுவிவிட்டு, தூங்கப்போகும் முன் படுத்து முழங்காலை மடக்கி, முடிந்தவரை உள்ளே தள்ளி வையுங்கள். எழுந்து நடமாடினால் மருந்து வழிந்துவிடும், அதனால்தான் ராத்திரி. காலையில் வெள்ளையாகக் கொஞ்சம் வந்தால் பயப்பட வேண்டாம், மாத்திரையின் மிச்சம்தான் அது. அரிப்பு நின்றாலும் சொன்ன நாள் வரை வைத்து முடியுங்கள்.

குழந்தைப்பேறு சிகிச்சையில் இருப்பவர்களிடம்தான் அதிக நேரம் பேச வேண்டியிருக்கும். அவர்களுக்கு எழுதும் புரோஜெஸ்டிரோன் (கரு தங்க உதவும் ஹார்மோன்) 200 மில்லிகிராம் கேப்சூல் பார்வைக்கு விழுங்கும் கேப்சூல்தான். சில கேப்சூல்களை இரண்டு வழியிலும் எடுக்கலாம் என்று அட்டையிலேயே போட்டிருக்கும். அப்படியானால் ஏன் உள்ளே வைக்கச் சொல்கிறார்கள்? விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும், தலைச்சுற்றலும் தூக்கமும் வரும். உள்ளே வைத்தால் ரத்தத்தில் அதிகம் கலக்காவிட்டாலும் கருப்பைக்கு நேராக நல்ல அளவில் போய்ச் சேருகிறது. இதைச் சொன்னதும் அவர்கள் முகம் தெளியும். அப்புறம்தான் மனதில் இருந்த கேள்வி வரும்: "விரல் பட்டா கரு கலைஞ்சிடாதாக்கா?" படாதும்மா, கருப்பை வாய் மூடித்தான் இருக்கும், நகத்தை மட்டும் வெட்டிக்கொள் என்பேன். இந்தப் பயத்தாலேயே மருந்தை விட்டவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான்.

பிரசவ வலி தூண்டும் டைனோப்ரோஸ்டோன் ஜெல்லும் இந்த வழியில் போவதுதான். ஆனால் அது எங்கள் ஃபிரிட்ஜிலிருந்து நேராகப் பிரசவ வார்டுக்குப் போய்விடும், அங்கே டாக்டர் வைப்பார். வீட்டில் தனியாக வைத்துக்கொள்ள வேண்டியவர்களுக்குத்தான் நம் வார்த்தை தேவை.

உறையில் இப்போது சிவப்பு மையில் "விழுங்கக் கூடாது" என்று எழுதுகிறேன். எழுதினால் மட்டும் போதாது, வாசிக்கத் தெரியாதவர்களும் வருகிறார்களே. கணவர் மட்டும் சீட்டோடு வந்தால் அவரிடமும் அதே விளக்கம்தான். சிலர் கூச்சத்தில் தலையைக் குனிவார்கள். ஒருவர் உடனே மனைவிக்குப் போன் போட்டு, "நீயே கேட்டுக்கோ" என்று என்னிடம் நீட்டினார். அந்தப் பெண் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுத்தான் மருந்தைக் கொடுத்தேன்.