அண்ணாச்சி கடையில் தள்ளுவண்டி கிடையாது

எங்கள் மறுவாழ்வு மையத்தில் இருந்தது ஒரே ஒரு வி.ஆர். ஹெட்செட், கண்ணில் மாட்டினால் நிஜம் போலவே ஓர் இடத்தைக் காட்டும் கருவி. அதன் பட்டையில் எப்போதும் தேங்காய் எண்ணெய் வாசம். ஆளுக்கு ஆள் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பது என் வேலை.

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்றால் பலருக்கும் காதில் குரல் கேட்பதும் சந்தேகமும்தான் நினைவுக்கு வரும். அவற்றை மாத்திரை பெரும்பாலும் அடக்கிவிடும். கவனம் சிதறுவது, கேட்டது உடனே நழுவுவது, யோசிக்க நேரமாவது, இவற்றில் மாத்திரை அவ்வளவாக எடுபடாது. வீட்டில் "சோம்பேறி" என்று திட்டு விழுவதும் இதற்குத்தான்.

இதற்குப் பயிற்சி எடுக்க ஒருவர் வந்தார், முப்பத்தைந்து வயது இருக்கும். ஹெட்செட்டுக்குள் ஒரு சூப்பர் மார்க்கெட். பட்டியலைப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு ஆறு பொருள் எடுக்க வேண்டும். முதல் நாள் பால் பாக்கெட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார். மருந்தால் கை நடுங்கும். பொத்தான் இரண்டு முறை அழுந்தி ரெண்டு சோப்பு விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பின்னால் நின்று உச்சுக்கொட்ட அங்கே யாரும் இல்லை, எனக்குப் பிடித்ததே அதுதான். "சமையலுக்கு நாலு, குளிக்க ரெண்டு" என்று பிரித்து மனதில் வைக்கப் பழக்கினோம். சில வாரங்களில் ஆறும் வந்துவிட்டது.

சரி என்று தெருமுனை மளிகைக் கடைக்கு அனுப்பினேன். உப்பு மட்டும் வாங்கி வந்தார். "அதுல நானே எடுத்தேன் மேடம். இங்க வாய்விட்டுக் கேக்கணும்ல."

சுருக்கென்றது. அலமாரியில் தேடத்தான் நாங்கள் பழக்கியிருந்தோம். 2022-இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டின் 'கேம்சேஞ்ச்' என்ற வி.ஆர். சிகிச்சை ஆய்வு நினைவுக்கு வந்தது. 346 பேர் பங்கேற்றது. நினைவாற்றலுக்கானது இல்லை, வெளியே போகும் பயத்துக்கானது. ஆனால் அதை வடிவமைக்கும்போதே நோயை அனுபவித்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். நான் இவரிடம் எந்தக் கடைக்குப் போவீர்கள் என்றுகூடக் கேட்டதில்லை.

அப்புறம் ஹெட்செட்டைக் கழற்றியதும் இன்னொரு பயிற்சி சேர்ந்தது. மேசைதான் கல்லா, நான்தான் அண்ணாச்சி. "வேற? சீக்கிரம் சொல்லுப்பா" என்று விரட்டுவேன். பின்னால் நாலு பேர் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். எனக்கு அந்த அதட்டல் அவ்வளவு இயல்பாக வந்ததில் கொஞ்சம் வெட்கம்தான்.

அடுத்த முறை நானும் கூடப் போனேன். ஐந்து பொருள் கேட்டு வாங்கினார், சில்லறையை எண்ணிப் பையில் போட்டார். பாதித் தெரு வந்ததும் நின்று பையைக் கிளறினார்.

"கடுகு விட்டுப்போச்சு மேடம்" என்று அவரே திரும்பி நடந்தார்.