இடது கால்

ஏப்ரல் 17, வியாழன்

இரவு இரண்டு மணிக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சுவரில் காலைத் தூக்கிச் சாய்த்துக்கொண்டு விடியும்வரை அப்படியே கிடந்தேன். காலையில் வழக்கம்போல் கடை.

ஏப்ரல் 19, சனி

கல்யாணக் கூட்டம். ஒரே குடும்பம், பாட்டி முதல் பேத்தி வரை வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அரக்கு நிறத்தில் ஆரணிப் பட்டு வேண்டும், பார்டர் பெரிதாக இருக்கக்கூடாது, முந்தானையில் மயில் கூடாது. விரித்தேன், மடித்தேன், மறுபடி விரித்தேன். அவர்கள் மேல் கோபமில்லை. பெண்ணுக்குச் சேலை எடுப்பவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். ஆனால் எடுப்பவர்களுக்கு மெத்தை போட்டிருக்கிறார்கள், குளிர்பானம் கொடுக்கிறார்கள். காட்டுகிறவளுக்கு ஒரு ஸ்டூல் கிடையாது. காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பது வரை, சாப்பாட்டு நேரம் போக, நிற்பதுதான் வேலை.

மாலை நான்கு மணிக்கு மேல் முழங்காலுக்குக் கீழே கொதிக்கத் தொடங்குகிறது. புடைத்த நரம்பைச் சேலை மறைத்துவிடுகிறது, அதனால் யாருக்கும் தெரிவதில்லை. கணுக்காலுக்கு மேலே, உட்புறம், தோல் கறுத்துக்கொண்டே வருகிறது. அரிப்பு வேறு.

அம்மாவுக்கும் சரியாக அதே இடத்தில்தான் தொடங்கியது.

ஏப்ரல் 22, செவ்வாய்

டாப்ளர் ஸ்கேன். படுக்க வைத்துப் பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தேன். நிற்க வைத்தார்கள். வலது காலில் பாரத்தைப் போட்டு, இடது காலைத் தளர்த்தி வைக்கச் சொல்லித் தொடையில் ஜெல் தடவினார்கள். டாக்டர் அம்மா கெண்டைச் சதையை அழுத்திப் பிடித்துவிட்டுச் சட்டென்று விட்டார். திரையில் முதலில் நீலம் ஓடியது, விட்டதும் சிவப்பு. அந்தச் சிவப்பு நிற்கவே இல்லை.

"பாருங்கள், மேலே போன ரத்தம் திரும்பி வருகிறது. அரை வினாடிக்குள் நின்றுவிட வேண்டும். உங்களுக்கு வந்துகொண்டே இருக்கிறது."

கணுக்காலின் உட்புறத்திலிருந்து தொடை இடுக்கு வரை தோலுக்கடியில் ஒரு நீளமான சிரை போகிறதாம், நாம் நரம்பு என்று சொல்லும் ரத்தக்குழாய். வழி நெடுக, மேல்நோக்கி மட்டும் திறக்கும் வால்வுகள். அது ஆழத்துச் சிரையோடு சேரும் இடத்து வால்வு எனக்குப் பழுது. வெரிகோஸ் என்பது இதுதானாம். ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைச் சதைதான், நடக்கும்போது அது சுருங்கி விரிந்து தள்ளுகிறது. அசையாமல் நின்றால் தள்ளுவதற்கு ஆள் இல்லை. குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். சொன்னேன்.

லேசர். அன்றே வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்.

ஏப்ரல் 24, வியாழன்

அந்த நரம்பைச் சுட்டு அடைத்துவிட்டால் ரத்தம் எந்த வழியாகப் போகும்? அங்கே கேட்டேன், பதிலும் சொன்னார்: காலின் ரத்தத்தில் பெரும்பகுதி ஆழத்துச் சிரைகள் வழியாகத்தான் போகிறது, இது இல்லாமலும் கால் நன்றாக இருக்கும். இதய பைபாஸ் செய்பவர்கள் இதே சிரையைத்தான் காலிலிருந்து எடுத்து நெஞ்சில் வைத்துத் தைக்கிறார்களாம். எடுத்துக் கொடுத்தவர்கள் நடக்கத்தானே செய்கிறார்கள்.

பகலில் நம்புகிறேன். இரவில் மறுபடி அதே கேள்வி.

ஏப்ரல் 26, சனி

சீட்டுப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் இவர். அது பெரியவளின் கல்லூரிக்கு. "முதலில் கால், பிறகு காலேஜ்" என்கிறார். அவளும் தலையாட்டுகிறாள். அவளுக்குத் தெரியும் அது என்ன பணம் என்று. கடையில் சூப்பர்வைசரிடம் விடுப்பு கேட்டேன். "இந்த நேரத்திலா அம்மா?" வேறு எந்த நேரத்தில்?

ஏப்ரல் 30, புதன்

அட்சய திருதியை. பஜாரில் நுழையவே முடியவில்லை. நின்றேன்.

மே 4, ஞாயிறு

அக்கினி நட்சத்திரம் தொடங்கியது. வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது, கோட்டைச் சுவரில் கை வைக்க முடியாது. இந்த வெயிலில்தான் தொடை வரைக்கும் இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் போட வேண்டும். டேப் வைத்துக் கணுக்கால், கெண்டை, தொடை எல்லாம் அளந்து கொடுத்தார்கள்.

நாளை ஏழரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மே 5, திங்கள்

முடிந்தது. படுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், காலுக்கடியில் இரண்டு தலையணை.

முதலில் நிற்க வைத்து நரம்பின் மேல் பேனாவால் கோடு போட்டார்கள். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே மரத்துப்போக ஒரு ஊசி, அதன் வழியாக உள்ளே மெல்லிய கம்பி. நூல் மாதிரிதான் என்றார்கள், நான் பார்க்கவில்லை. வலித்தது அதற்குப் பிறகுதான். நரம்பைச் சுற்றிலும் மருந்துத் தண்ணீரை ஏற்றுகிறார்கள், தொடை வரைக்கும், ஊசி மேல் ஊசி. சூடு பக்கத்துச் சதையைத் தொடாமல் இருக்கத்தான் அந்தத் தண்ணீர் என்று நர்ஸ் சொல்லிக்கொண்டே வந்தாள். குளிர்ந்து, கால் கனத்துப்போனது. எனக்கும் கண்ணாடி, அவர்களுக்கும் கண்ணாடி. லேசர் போகும்போது வலியே இல்லை. தொண்டையில் மட்டும் கருகிய வாடை. மேலிருந்து கீழாகக் கம்பியை இழுத்துக்கொண்டே வந்தார் டாக்டர் அம்மா. "ஆகிவிட்டது, ஆகிவிட்டது" என்று அவர் சொல்லும்போதெல்லாம் ஆகிவிடவில்லை.

முழங்காலுக்குக் கீழே புடைத்திருந்தவற்றை எடுக்கச் சின்னச் சின்னக் கீறல்கள். தையல் இல்லை, ஒட்டுத்துணிதான். கட்டு, அதற்கு மேல் ஸ்டாக்கிங்ஸ்.

"இறங்கி நடங்கள், அக்கா." அந்தச் சின்னப் பெண் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அறுத்த காலை உடனே ஊன்றுவதா என்று இவர்தான் பயந்தார். அரை மணி நேரம் வராந்தாவில் நடந்தேன். படுத்தே கிடந்தால் ரத்தம் உறைந்துவிடலாம், நடந்தால் அந்த ஆபத்து குறையும். மாலை ஆட்டோவில் சத்துவாச்சாரி வீட்டுக்கு.

அம்மாவுக்கு இதெல்லாம் கிடைத்திருக்கலாம்.

மே 6, செவ்வாய்

பத்தியம் பற்றிச் சண்டை. இலவம்பாடி முள்கத்தரிக்காய் வாங்கி வந்திருக்கிறார், அத்தை தொடவிடவில்லை. புண்ணுக்குக் கத்தரிக்காய் ஆகாதாம். எல்லாம் சாப்பிடலாம், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று தாளிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அத்தை தாளைப் படிக்கமாட்டார். ரசம் சோறு.

மே 7, புதன்

கெண்டையில் வலி. இது அறுத்த வலியா, உறைந்த வலியா? ஒரு காலில் மட்டும் வீக்கம் கூடினால், கெண்டை கல்லாக இறுகினால், மூச்சு வாங்கினால் உடனே வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இடது காலில் கட்டு இருக்கிறது, எப்படி ஒப்பிடுவது? பெரியவளை எழுப்பி டார்ச் அடிக்கச் சொன்னேன். "ஒன்றுமில்லை அம்மா, தூங்கு" என்றாள். நாளை பிளஸ் டூ ரிசல்ட் அவளுக்கு. தூங்காதது நான்.

மே 8, வியாழன்

521. வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

மே 12, திங்கள்

ஸ்கேன். சுட்ட நரம்பு முழுக்க அடைத்துவிட்டது, ஆழத்தில் உறைவு இல்லை. திரையில் அந்த இடத்தில் நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை. இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் இல்லை என்றார்.

தொடையின் உட்புறம் கயிறு இழுப்பதுபோல் இருக்கிறது. அது இருக்கத்தான் செய்யும், சில வாரங்களில் போய்விடும். பச்சையும் மஞ்சளுமாகக் கன்றிப்போயிருக்கிறது. ஸ்டாக்கிங்ஸைக் காலையில் படுக்கையிலிருந்து எழுவதற்கு முன்பே மாட்டிவிட வேண்டும். பெரியவள் கையுறை போட்டுக்கொண்டு குதிகாலிலிருந்து நீவி நீவி ஏற்றுகிறாள். வேர்த்து வழிகிறது இருவருக்கும்.

மே 15, வியாழன்

வைகாசி முதல் தேதி. குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அம்மா இருந்தவரை எந்த வருடமும் தவறியதில்லை. அந்தக் கூட்டத்தில் விடிகாலையிலிருந்து நிற்பாள், கணுக்காலில் துணி சுற்றிக்கொண்டு. பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷாப்பில் ஈரத் தரையில் நின்று நின்று வந்த புண் அது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போட்டோம். ஆறும், திறக்கும். துணியை அவிழ்க்கும்போது அவள் என் முகத்தைத்தான் பார்ப்பாள், வாடை அடிக்கிறதா என்று. அடிக்கவில்லை என்று சொல்வேன்.

அவள் காலுக்கு யாரும் டாப்ளர் வைத்ததில்லை. புண் மட்டும்தான் எல்லோர் கண்ணிலும் பட்டது.

மே 18, ஞாயிறு

நெடுநேரம் நிற்கக்கூடாது என்று தாளில் இருக்கிறது. நிற்பதற்குத்தான் சம்பளம்.

சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் திருத்தம் கொண்டுவந்தார்கள். கேரளத்தில் அதற்கு முன்பே, 2018-இல். அங்கே துணிக்கடைப் பெண்கள் போராடி வாங்கியது. எங்கள் செக்‌ஷனில் யாருக்கும் தெரியாது. எனக்கே பெரியவள் செல்போனில் படித்துக் காட்டித்தான் தெரியும்.

சூப்பர்வைசரிடம் போனில் கேட்டேன். முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். ஸ்டூல் போட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார்களாம். எந்த வாடிக்கையாளர் சுளித்தார்?

மே 20, செவ்வாய்

கேட்டுச் சொல்லவில்லை.

மே 22, வியாழன்

பட்டு செக்‌ஷன், சுடிதார் செக்‌ஷன், பில்லிங் பெண்கள் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறோம் என்கிறார்கள். பெரியவள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். ஸ்டூலோடு, இடையில் பத்து நிமிடம் நடக்க விட வேண்டும் என்பதையும் சேர்க்கச் சொன்னேன். சட்டத்தின் பெயரை முழுதாக எழுதச் சொல்ல வேண்டும், ஆண்டையும் சேர்த்து. முதல் கையெழுத்து