புள்ளியியல் படிக்க எங்கெல்லாம் விண்ணப்பிக்கலாம்?

பிளஸ் டூ ரிசல்ட் வரட்டும், மார்க்கைப் பார்த்துவிட்டுக் கல்லூரி தேடிக்கொள்ளலாம் என்பதுதான் நம் வீடுகளில் வழக்கம். புள்ளியியலில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு அது சரிப்படாது. நல்ல இடங்கள் பலவற்றில் ரிசல்ட்டுக்கு முன்பே விண்ணப்பம் முடிந்துவிடும். அதனால் அக்கா மகளுக்குப் பட்டியல் போட உட்கார்ந்தபோது எது பெரிய கல்லூரி என்று பார்க்காமல், கடைசித் தேதி வரிசையில் எழுதினேன்.

அப்படி எழுதினால் நுழைவுத் தேர்வுகள்தான் மேலே வரும். முதலாவது, கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் (ஐ.எஸ்.ஐ.) பி.ஸ்டாட், அதாவது புள்ளியியல் இளங்கலைப் படிப்பு. 1931-இல் புள்ளியியலாளர் மகலனோபிஸ் தொடங்கிய நிறுவனம் அது. மே மாதத்தில் ஒரே நாளில் இரண்டு தாள்: ஒன்று கொள்குறி வகை, இன்னொன்று விரிவாக எழுதுவது. இரண்டுமே கணிதம்தான், அதிலும் இரண்டாவது தாளில் 'நிறுவுக' வகைக் கேள்விகள் நிறைய. கோச்சிங்கில் சேர்ப்பதற்கு முன் பிள்ளைக்கு அந்த வகைக் கணக்கு பிடிக்கிறதா என்று பாருங்கள். நான் அவளுக்குக் கொடுத்தது இது: 1 முதல் 100 வரை உள்ள எண்களில் எந்த 51 எண்களை எடுத்தாலும், அவற்றில் இரண்டு அடுத்தடுத்த எண்களாக இருந்தே தீரும் என்று நிறுவு. சாப்பிட்டுக்கொண்டே யோசித்தவள், "மாமா, ஒன்று இரண்டு, மூன்று நான்கு என்று ஜோடி போட்டால் ஐம்பது ஜோடிதானே வரும்?" என்றாள். ஐம்பது ஜோடிகளிலிருந்து 51 எண்களை எடுத்தால் ஏதோ ஒரு ஜோடி முழுதாக வந்தே தீரும். சரி, இவள் எழுதலாம் என்று முடிவு செய்தேன். இப்படி யோசிப்பது எரிச்சலாக இருக்கிறது என்று சொல்லும் பிள்ளையை அந்தத் தேர்வுக்குப் பிடித்துத் தள்ள வேண்டாம். புள்ளியியல் படிக்க வேறு வழிகள் இருக்கின்றன.

அடுத்தது டெல்லிப் பல்கலைக்கழகம். 2022 முதல் அங்கே கியூட் (பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு) மதிப்பெண் வழியாகத்தான் சேர்க்கை. பி.எஸ்சி. ஹானர்ஸ் புள்ளியியல் இந்து, ராம்ஜஸ், கிரோரி மல், லேடி ஸ்ரீராம், ஸ்ரீ வெங்கடேஸ்வரா கல்லூரிகளில் இருக்கிறது. கடைசிக் கல்லூரி திருப்பதி தேவஸ்தானத்துடையது என்றதும் அக்காவுக்கு அந்த ஒரு பெயர் மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. கான்பூர் ஐ.ஐ.டி.யிலும் புள்ளியியல் பட்டப்படிப்பு உண்டு, ஆனால் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு வழியாகத்தான் போக முடியும். ஏற்கெனவே அதற்குத் தயாராகிறவர்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். சென்னைக்கு அருகே சிறுசேரியில் உள்ள சென்னை கணிதக் கழகத்தில் (சி.எம்.ஐ.) இளங்கலையில் புள்ளியியல் என்று தனியாக இல்லை. கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த படிப்பு, பிறகு அங்கேயே எம்.எஸ்சி. டேட்டா சயின்ஸுக்கு முயலலாம்.

ரிசல்ட்டுக்குப் பிறகு நம் ஊர்க் கல்லூரிகள். சென்னையில் மாநிலக் கல்லூரி, லயோலா, தாம்பரம் கிறித்தவக் கல்லூரி, கோவையில் அரசு கலைக் கல்லூரி. அரசுக் கல்லூரிகளுக்கு மொழிப் பாடங்களை விட்டுவிட்டு மீதி நான்கு பாடங்களுக்கு 400-க்குக் கணக்கிடுவார்கள், ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். தனியார் கல்லூரிக்குத் தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் கட்டணம்.

பெயர்கள் சேர்ந்ததும் பாடத்திட்டத்தை இறக்கிப் பாருங்கள். இந்த வேலையைத்தான் யாரும் செய்வதில்லை. மூன்றாவது, நான்காவது செமஸ்டர் பக்கத்துக்கு நேராகப் போங்கள். நிகழ்தகவு, மதிப்பீடு, கருதுகோள் சோதனை, மாதிரியெடுப்பு, ரெக்ரஷன் ஆகியவை தனித்தனித் தாள்களாக இருக்க வேண்டும். 'டேட்டா சயின்ஸ்' என்று பெரிதாகப் போட்டிருந்த ஒரு பாடத்திட்டத்தில் நிகழ்தகவுக்கு ஒரே ஒரு தாள்தான், மீதியெல்லாம் பைத்தான், கிளவுட், வெப் டிசைன். அது கணினிப் படிப்பு, நாங்கள் தேடியது வேறு. அதை அடித்துவிட்டோம். பாடத்திட்டத்தில் தெரியாத ஒன்றை அங்கே படிக்கும் சீனியரிடம் கேளுங்கள்: பிராக்டிகலை இன்னும் கால்குலேட்டரிலேயே போடுகிறார்களா, 'ஆர்' மென்பொருளில் செய்கிறார்களா?

வேலை கிடைக்குமா என்று அக்கா கேட்டார். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்குப் பட்டத்தில் புள்ளியியல் ஒரு பாடமாக இருக்க வேண்டும், டி.என்.பி.எஸ்.சி.யிலும் புள்ளியியல் பணியிடங்கள் வருகின்றன என்று சொன்னேன். மேலே படிக்க நினைத்தால், ஐ.ஐ.டி. எம்.எஸ்சி.க்கான ஜாம் தேர்வில் கணிதப் புள்ளியியலுக்கென்றே ஒரு தாள் இருக்கிறது.

அப்புறம், பணம். உள்ளூர்த் தனியார் கல்லூரி ரிசல்ட் வந்த கையோடு கட்டணம் கட்டச் சொல்லும், கியூட் சேர்க்கையோ அதற்கு வெகுநாள் கழித்துத்தான் முடியும். பயந்து சும்மா இருக்க வேண்டாம், ஓர் இடத்தைப் பிடித்துவையுங்கள். கட்டும் முன், விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யு.ஜி.சி. விதி. சரிபார்த்த கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள்.