ஒரே இரத்தம், இரண்டு விதமான பதில்

ஒவ்வாமையைத் தூண்டும் தூசுப்பூச்சியின் புரதத்துக்கும் பாக்டீரியாவின் நச்சுப் புரதத்துக்கும் நம் எதிர்ப்புச் செல்கள் எப்படிப் பதில் சொல்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் ஆய்வகத்தில் நான் தொடக்கம் முதல் முடிவு வரை செய்த முதல் வேலை. இதே சோதனையில் இறங்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

செல்களைப் பிரிப்பது கைப்பழக்கம். நீர்த்த இரத்தத்தை, செல்களை அடர்த்திப்படி பிரிக்க உதவும் ஃபைக்கால் கரைசலின்மேல் கலக்காமல் மெதுவாக ஊற்ற வேண்டும். சுழலி நிற்கும்போது பிரேக் போடக் கூடாது. சிவப்பணுக்கள் அடியில் இறங்கிவிட, நடுவே வெள்ளை வளையமாக நிற்கும் டி செல்கள், பி செல்கள், மோனோசைட்டுகள் ஆகிய வெள்ளணுக்கள்தான் நமக்கு வேண்டியவை. ஒவ்வாமையில் பெரும்பங்கு வகிக்கும் ஈசினோஃபில் வெள்ளணுக்கள் பெரும்பாலும் சிவப்பணுக்களோடு போய்விடும். அதனால் இந்தச் சோதனை ஒவ்வாமையின் முழுக்கதையைச் சொல்லாது.

செல்களை இட்ட சோதனைத் தட்டின் ஒரு வரிசைக் குழிகளில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா சுரக்கும் என்டரோடாக்சின் பி என்ற நச்சுப் புரதம், இன்னொரு வரிசையில் தூசுப்பூச்சிச் சாறு. மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தபோது நச்சு இட்ட குழிகளில் செல்கள் கொத்துக் கொத்தாகத் திரண்டிருந்தன. கிளர்ந்த டி செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதமும் ஏராளம். இந்த நச்சு வழக்கமான பாதையில் வருவதில்லை. துண்டாக்கப்பட்டு, அடையாளம் காட்டப்பட்டு, பொருத்தமான டி செல்லைத் தேடும் வேலையே அதற்கு இல்லை. டி செல்லின் ஏற்பியையும், அடையாளம் காட்டும் செல்லின் மேற்பரப்புப் புரதத்தையும் வெளிப்பக்கமாகப் பிடித்து இணைத்துவிடுகிறது. ஐந்தில் ஒரு டி செல் வரைகூட அதனால் கிளர்ந்தெழலாம்.

தூசுப்பூச்சிச் சாறு இட்ட குழிகளிலோ எந்த மாற்றமும் இல்லை. அதை அடையாளம் காணும் டி செல்கள் மிக அரிது. பல்லாயிரத்தில் ஒன்று இருந்தாலே பெரிது. அவை பிரிந்து பெருக ஐந்தாறு நாட்கள் வேண்டும். செல்களுக்கு முன்பே சாயம் ஏற்றிவைத்தால், ஒவ்வொரு பிரிவிலும் அதன் ஒளி பாதியாகக் குறைவதை வைத்துக் கணக்கிடலாம். பொறுத்திருந்து பார்த்தபோது நான் எதிர்பாராத ஒன்று தெரிந்தது: ஒவ்வாமை இல்லாதவர்களின் செல்களும் பிரிந்திருந்தன! வேறுபாடு அவை சுரந்தவற்றில்தான். ஒவ்வாமை உள்ளவர்களிடம் ஒவ்வாமையைத் தூண்டும் சமிக்ஞைப் புரதங்களான இன்டர்லூக்கின் 5, 13 இரண்டும் உயர்ந்திருந்தன, மற்றவர்களிடம் சொற்பமே. பிரிவை மட்டும் எண்ணிவிட்டு முடிவு எழுதுவது எவ்வளவு தவறு என்று அன்று புரிந்தது. ஒவ்வாமை என்பது உடல் கவனித்ததா இல்லையா என்பதல்ல, எந்த வகையில் கவனித்தது என்பதே.

இன்னொரு சிக்கல் சாற்றின் தூய்மை. சில பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் இருக்கும் எண்டோடாக்சின் என்ற வேறொரு நச்சு அதில் கலந்திருப்பது சாதாரணம். அது மோனோசைட்டுகளைத் தானாகவே தூண்டிவிடும். எண்டோடாக்சினைப் பற்றிக்கொள்ளும் பாலிமிக்சின் பி மருந்தைச் சேர்த்து அதை முடக்கிய குழிகளையும் தனியாக வைத்தேன். ஆனால் அதை வெறும் அழுக்கு என்று ஒதுக்கவும் முடியாது. தூசுப்பூச்சியின் ‘டெர் பி 2’ புரதம், எண்டோடாக்சினை ஏற்பியிடம் சேர்க்கும் நம் உடலின் ‘எம்டி-2’ புரதத்தைப் போன்ற அமைப்புடையது. அதன் வேலையையும் செய்ய வல்லது என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. மூச்சில் போகும் தூசியிலும் டெர் பி 2, எண்டோடாக்சின் இரண்டும் சேர்ந்துதான் இருக்கின்றன.

ஆகவே சாற்றை அப்படியே இட்ட குழி, எண்டோடாக்சினை முடக்கிய குழி, எண்டோடாக்சின் மட்டும் இட்ட குழி, எதுவும் சேர்க்காத குழி என நான்கையும் வைத்துக்கொள்ளுங்கள். எதுவும் சேர்க்காத குழியை முதலில் பாருங்கள். அதிலேயே செல்கள் பிரிந்திருந்தால் அந்தத் தட்டின் மற்ற எண்களை நம்ப வேண்டாம்.