ரிக்வீரின் ஹூகெல் குடும்பமும் ஒரு மலைச்சரிவும்

பிரான்ஸின் கிழக்கு ஓரத்தில், வோஜ் மலைகளுக்கும் ரைன் நதிக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கிறது அல்சாஸ். அங்கே கொல்மார் நகரத்திலிருந்து பேருந்து ஏறினால் கொஞ்ச நேரத்தில் ரிக்வீர் வந்துவிடும். மதில் சூழ்ந்த சின்ன ஊர். 1291-ல் எழுப்பிய தோல்தேர் கோபுரம் மேல்வாசலில் இன்னும் நிற்கிறது. மரச்சட்டம் வெளியே தெரியும் பழைய வீடுகள், ஜன்னல்தோறும் பூந்தொட்டிகள். படம் எடுக்கவே பலர் வருகிறார்கள். எனக்கு இந்த ஊரின் ஒயின் குடும்பமான ஹூகெல் குடும்பத்தின் கதைதான் முக்கியம். பல வருடங்களாக அதைத் துண்டு துண்டாகப் படித்து வந்தவன், நேரில் பார்த்துவிட வேண்டும் என்றே போனேன்.

கதை 1639-ல் தொடங்குகிறது. ஐரோப்பாவைச் சூறையாடிய முப்பதாண்டுப் போர் (1618–1648) இன்னும் முடியவில்லை. அல்சாஸ் ஊர்கள் பாதி காலியாகிக் கிடந்தன. அந்த நிலையில் ஹான்ஸ் உல்ரிக் ஹூகெல் என்பவர் ரிக்வீரில் குடியுரிமை பெற்று, சில காலத்திலேயே ஊரின் திராட்சை விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவராகவும் ஆனார். 1672-ல் அவர் மகன் ரூ தே கோர்தியே தெருவில் ஒரு வீடு கட்டி, வாசலுக்கு மேலே குடும்பச் சின்னத்தைக் கல்லில் செதுக்கி வைத்தார். மூன்று குன்றுகள் கொண்ட அந்தச் சின்னம் இன்றும் அவர்கள் போத்தலில் இருக்கிறது.

அப்போது இந்த ஊர் பிரான்ஸைச் சேர்ந்தது அல்ல என்பதை மறந்துவிடக் கூடாது. 1324 முதல் பிரெஞ்சுப் புரட்சிக் காலம் வரை வூர்ட்டெம்பெர்க் பிரபுக்களின் சொத்து அது. அந்தப் பிரபுக்களில் ஒருவருக்குக் கடன் கொடுத்த பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேருக்கு, ரிக்வீரின் திராட்சைத் தோட்டங்களே அடமானமாக இருந்தன. அந்த நிலத்தின் மதிப்பு அன்றைக்கே அப்படி.

ஹூகெல் நிலவறையில் எல்லோரும் பார்க்க விரும்புவது ஒரு பீப்பாய். பெயர் சேன்த் கத்ரீன். செய்தது 1715-ல், பதினான்காம் லூயி மன்னர் இறந்த அதே ஆண்டு. கொள்ளளவு 8,800 லிட்டர். இன்றும் பயன்பாட்டில் இருக்கும் உலகின் மிகப் பழைய ஒயின் பீப்பாய் என்று கின்னஸ் பதிவு செய்திருக்கிறது. பக்கத்தில் போய் நின்றால் ஆளை விட உயரம். ஓக் பலகைகள் கறுத்து, இரும்புப் பட்டைகள் இறுகப் பிடித்திருக்கின்றன. அடியில் ஒரு சின்னக் கதவு. பீப்பாய் காலியானதும் ஒல்லியான ஆள் ஒருவர் அதன் வழியாக உள்ளே புகுந்து தேய்த்துக் கழுவுவார். ஒயினிலிருந்து பிரியும் டார்ட்டாரிக் உப்பு உட்சுவரில் படிகமாக ஒட்டி, காலப்போக்கில் ஓடு மாதிரி கெட்டியாகிவிடுகிறது. அதனால் மரத்தின் வாசனை ஒயினில் ஏறுவதில்லை. புதுப் பீப்பாயில் வைத்து வனிலா மணம் ஏற்றுகிற வழக்கம் இங்கே இல்லை. ஒயின் மெதுவாக மூச்சுவிட்டுத் தெளிவதற்கு ஓர் இடம், அவ்வளவுதான் பீப்பாயின் வேலை. திராட்சையிலேயே எல்லாம் இருக்கிறது, நாம் கெடுக்காமல் இருந்தால் போதும் என்பது இந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் பேச்சு. அந்தப் பீப்பாய் முன்னால் நின்றபோது அது வியாபாரப் பேச்சு அல்ல என்று எனக்கு உறுதியாகப் பட்டது.

பிரான்ஸில் ஒரு நிலம் இத்தனை காலம் ஒரே குடும்பத்தில் தங்குவது லேசான காரியம் அல்ல. நெப்போலியனின் 1804 சிவில் சட்டப்படி பிள்ளைகள் எல்லோருக்கும் சொத்தில் பங்கு உண்டு. பிரான்ஸின் இன்னொரு ஒயின் பகுதியான புர்கோனில் திராட்சைத் தோட்டங்கள் நாலைந்து வரிசை வரை துண்டாகிப் போனதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். (புதுச்சேரியில் 1881 ஆணைப்படி தங்கள் மதவழித் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களின் குடும்பங்களுக்கு இந்தச் சட்டம் நன்றாகவே தெரியும்.) ஹூகெல் வீட்டில் சகோதரர்கள் பிரிந்து போகாமல் ஒரே பெயரில் சேர்ந்தே தொழில் செய்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ழான், ஜோர்ஜ், ஆந்த்ரே என்ற மூன்று சகோதரர்கள் அப்படித்தான் நடத்தினார்கள். இந்த ஒற்றுமைதான் எனக்கு அந்த 1715 பீப்பாயை விடப் பெரிய அதிசயம்.

ஏனென்றால் அவர்கள் காலடியில் நாடே மாறிக்கொண்டிருந்தது. 1871-ல் பிரான்ஸ் தோற்றதும் அல்சாஸ் ஜெர்மனிக்குப் போனது. 1918-ல் மறுபடி பிரான்ஸ். 1940-ல் நாஜி ஜெர்மனி. 1945-க்குள் திரும்பவும் பிரான்ஸ். 1870-க்கு முன் ரிக்வீரில் பிறந்து முழு ஆயுசு வாழ்ந்த ஒருவருக்கு, வீட்டு வாசலைத் தாண்டாமலேயே நான்கு முறை நாடு மாறியிருக்கும். ஒவ்வொரு முறையும் சட்டம், பள்ளிக்கூட மொழி, நாணயம், சந்தை எல்லாம் மாறும். ஜெர்மன் ஆட்சியில் அல்சாஸிலிருந்து கேட்கப்பட்டது வேறு ஒயினோடு கலப்பதற்கு ஏற்ற மலிவு ஒயின். அதனால் விளைச்சல் அதிகம் தரும் சாதாரண வகைகள் எங்கும் பெருகின. அப்புறம் 1918-ல் அந்தச் சந்தையும் கைவிட்டுப் போனது. பிரான்ஸின் தெற்கிலிருந்து வந்த மலிவு ஒயினோடு போட்டி போட முடியவில்லை.

அந்தக் காலத்தில் குடும்பத்தை நடத்தியவர் ஃப்ரெதரிக் எமில் ஹூகெல். 1902-ல் பழைய வீட்டை விட்டு ஊரின் நடுவில் இப்போது இருக்கும் கட்டடத்துக்கு மாறியவர் அவர்தான். ரீஸ்லிங், கெவுர்ஸ்த்ராமினர் மாதிரி குறைவாகக் காய்க்கும் உயர்ந்த வகைகளை நல்ல சரிவுகளில் நட வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கப் பாடுபட்டார். நட்ட கொடி நல்ல ஒயின் தரவே பல ஆண்டுகள் ஆகும். எந்த நாட்டில் விற்கப் போகிறோம் என்றே தெரியாத நாளில் அப்படி நடுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

இரண்டாம் உலகப் போர் இன்னும் கொடுமை. பிரெஞ்சு பேசத் தடை. பிரெஞ்சு அடையாளமான பெரே தொப்பி போடக்கூடத் தடை. 1942 ஆகஸ்டில் கட்டாய ராணுவச் சேவை வந்தது. சுமார் 1 லட்சம் அல்சாஸ் இளைஞர்களை ஜெர்மன் சீருடை போட வைத்து, பெரும்பாலும் ரஷ்யப் போர்முனைக்கு அனுப்பினார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. ஹூகெல் வீட்டுப் பிள்ளைகளும் அந்தக் கட்டாயத்துக்குத் தப்பவில்லை. 1944 டிசம்பரில் கொல்மாரைச் சுற்றி நடந்த சண்டையில் பக்கத்து ஊர்களான பென்வீர், மித்தெல்வீர், சிகோல்ஷைம் தரைமட்டமாயின. ரிக்வீர் ஏறக்குறைய அப்படியே பிழைத்தது. ஹூகெல் கடை இருக்கும் தெருவுக்கு இப்போது விடுதலைக்குப் போரிட்ட பிரெஞ்சு முதல் ராணுவத்தின் பெயர். அந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்காமலேயே பலரும் கடைக்குள் நுழைகிறார்கள்.

கடையில் ருசி பார்த்துவிட்டு, ஊருக்கு வடக்கே ஷோனன்பூர் சரிவில் ஏறினேன். தெற்கு நோக்கிய செங்குத்தான சரிவு. ஏறும்போதே முட்டி வலிக்கிறது. சுண்ணாம்பு கலந்த களிமண்ணும் ஜிப்சமும் சேர்ந்த மண், தண்ணீரை நன்றாகப் பிடித்து வைக்கும். வோஜ் மலை மேற்கிலிருந்து வரும் மழையை மறைத்துவிடுவதால் கொல்மார் வட்டாரம் பிரான்ஸிலேயே வறண்ட பகுதிகளில் ஒன்று. அதனால்தான் பழம் கொடியிலேயே நவம்பர் வரை நின்று பழுக்க முடிகிறது.

இப்படித் தாமதமாகப் பறித்த திராட்சையில் செய்யும் ஒயினுக்குத்தான் அந்த மூன்று சகோதரர்களில் ழான் ஹூகெல் (1924–2009) பெயர் வாங்கித் தந்தார். ‘ஜானி’ என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள். தாமத அறுவடைக்கும், பூஞ்சணம் பிடித்து வற்றிய மணிகளைத் தனித்தனியாகப் பொறுக்கிச் செய்யும் வகைக்கும் அதுவரை உறுதியான விதி இல்லை. யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். வருடக்கணக்காக அலைந்து, தன் வீட்டில் கடைப்பிடித்த கடுமையான முறையையே எல்லோருக்கும் சட்டமாக்கினார். பழத்தில் இயற்கையாக இவ்வளவு சர்க்கரை இருக்க வேண்டும், வெளியிலிருந்து சேர்க்கக் கூடாது, அறுவடையை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். 1984-ல் அது அரசாணையாக வந்தது. தன் சரக்குக்கு மட்டும் சலுகை கேட்காமல், அண்டை வீட்டுக்காரரும் அதே அளவுகோலில் நிற்கட்டும் என்று கேட்ட மனிதர். இவர் மேல் எனக்குத் தனி மரியாதை.

அதே பிடிவாதம் இன்னொரு பக்கமும் போனது. 1975-க்குப் பிறகு அல்சாஸில் ‘கிரான் க்ரூ’ எனப்படும் உயர்தர நிலங்கள் வகுக்கப்பட்டபோது, எல்லைகளை அளவுக்கு மீறி விரித்துவிட்டார்கள் என்று ஹூகெல் குடும்பம் அந்தப் பெயரையே லேபிளில் போடவில்லை. ஷோனன்பூரில் சொந்த நிலம் இருந்தும் இப்படி! வியாபாரத்துக்கு அது நஷ்டமாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் 2015-ல் அந்தச் சரிவின் நடுவில் ஒரு ஹெக்டேர்கூட இல்லாத துண்டில் விளைந்த 2007 ரீஸ்லிங்கை ‘ஷோல்ஹாமர்’ என்ற பெயரில் தனியாக வெளியிட்டார்கள். எட்டு வருடம் நிலவறையில் வைத்துக் காத்திருந்துதான் விற்றார்கள்.

உலகமெல்லாம் சுற்றி இந்த ஒயினை அறிமுகப்படுத்திய எத்தியென் ஹூகெல் 2016-ல் காலமானார். இப்போது பதின்மூன்றாம் தலைமுறை பொறுப்பில் இருக்கிறது. அவர்களுக்கு நாட்டின் எல்லைக்கோடு மாறும் பிரச்சினை இல்லை, வெயில்தான் பிரச்சினை. அவர்கள் தாத்தா காலத்தில் அக்டோபரில் தொடங்கிய அறுவடை, சில ஆண்டுகளில் செப்டம்பர் தொடக்கத்துக்கே வந்துவிடுகிறது. சூடு ஏறினால் ரீஸ்லிங்கின் புளிப்பு குறையும். அந்தப் புளிப்புதான் அதன் முதுகெலும்பு. ரிக்வீருக்குப் போகிறவர்கள் கடைத்தெருவோடு திரும்பிவிடாமல் அரை மணி நேரம் ஒதுக்கி ஷோனன்பூரில் ஏறிப் பாருங்கள். நிலவறையைப் பார்க்க வேண்டுமானால் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போவது நல்லது.