முப்பத்தொரு சண்டை, மூன்று கணக்கு

ரோபோ சண்டைக் கணிப்புப் போட்டியின் முடிவுத் தாளைக் கேன்டீன் பலகையில் ஒட்டினேன். நாலு மணி டீ வருவதற்குள் பஞ்சாயத்து என் மேசைக்கு வந்துவிட்டது. முதலில் வந்தவர் மெயின்டனன்ஸ் அண்ணன். கையில் அவருடைய தாளின் நகல், அதில் பச்சை மையில் டிக் அடித்த இருபத்திரண்டு கட்டங்கள்.

"ஏம்ப்பா, நான் இருபத்திரண்டு கரெக்ட். அந்தப் பொண்ணு பதினெட்டு. அது எப்படிப்பா ஃபர்ஸ்ட்டு?"

கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்வதற்கு முன் போட்டி என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கம்பெனி அம்பத்தூர் எஸ்டேட்டில் கியரும் ஷாஃப்ட்டும் செய்கிறது. நான் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். 2022 தொடக்கத்தில், டிசைன் பிரிவுப் பையன் ஒருவன் மதிய இடைவேளைகளில் லேப்டாப்பில் பேட்டில்பாட்ஸ் காட்ட ஆரம்பித்தான். அமெரிக்காவில் லாஸ் வேகஸில் நடக்கும் ரோபோ சண்டை. ஒவ்வொரு வண்டியும் 250 பவுண்டு வரை, அதாவது நம் கணக்கில் சுமார் 113 கிலோ. குண்டு துளைக்காத கண்ணாடி மாதிரியான பாலிகார்பனேட் சுவருக்குள் 48 அடிக்கு 48 அடி இரும்புத் தரை. மூன்று நிமிடம். எதிரி வண்டி அசையாமல் கிடந்து பத்து எண்ணிவிட்டால் முடிந்தது. இல்லையென்றால் நடுவர்கள் தீர்ப்பு. 1999இல் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் முதல் போட்டியை நடத்தினார்கள். பிறகு சேனல் மாறி, நின்று, 2015இல் மறுபடி தொடங்கி ஓடியது.

இதைப் பார்த்து ஒரு ஐடி கம்பெனிக்காரர் "சூப்பர்" என்பார், அவ்வளவுதான். எங்கள் ஆட்கள் பார்த்த விதம் வேறு. இவர்கள் தினமும் தொட்டுப் புழங்கும் சாமான்கள்தாம் அங்கே உடைகின்றன. ஒரு வண்டியின் சக்கரம் கழன்று ஓடினால் கேன்டீனில் யாரும் கைதட்டவில்லை. "பேரிங் ஹவுசிங் போச்சு" என்றார் ஒருவர். "இல்ல, ஷாஃப்ட்ல ஸ்டெப் ஷார்ப்பா விட்டிருக்கான், ரேடியஸ் குடுக்கல, அங்கதான் கிராக்" என்றார் இன்னொருவர். சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது.

இறுதிச் சுற்றுக்கு 32 வண்டிகளைத் தேர்ந்தெடுத்து, பலத்தின்படி வரிசை எண் கொடுத்து, யாரோடு யார் என்ற அட்டவணை வந்ததும் நான்தான் அதை ஏ3 தாளில் அச்சடித்து விநியோகித்தேன். 32 வண்டி என்றால் மொத்தம் 31 சண்டை. ஒவ்வொன்றிலும் எந்த வண்டி ஜெயிக்கும் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே நிரப்பித் தர வேண்டும். முதல் சுற்றிலேயே நீங்கள் நம்பிய வண்டி போய்விட்டால், அதை வைத்து நிரப்பிய அடுத்த கட்டங்களும் சேர்ந்து போகும். கண்ணை மூடிக்கொண்டு நிரப்பினால் 31ம் சரியாக வர வாய்ப்பு 214 கோடியில் ஒன்று. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் இதே மாதிரி 63 ஆட்டங்களையும் பிழையில்லாமல் கணித்தால் நூறு கோடி டாலர் என்று 2014இல் ஒரு நிறுவனம் அறிவித்தது, வாரன் பஃபெட் அதற்குப் பொறுப்பேற்றார். ஒருவருக்கும் கிடைக்கவில்லை. எங்களிடம் பரிசு ஒரு எவர்சில்வர் தூக்கு. பணம் வைத்தால் ஹெச்.ஆர். சூதாட்டம் என்பார்கள்.

அங்கே வியாழன் இரவு ஒளிபரப்பு, நமக்கு வெள்ளி விடிகாலை. ஃபர்ஸ்ட் ஷிப்ட் ஆட்கள் பஸ்ஸில் வரும்போதே முடிவு தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை காலைகளில் மெஷின் ஆன் ஆவது கொஞ்சம் தாமதம்தான். உற்பத்தி மேலாளர் கண்டுகொள்ளவில்லை. அவரும் ஒரு தாள் கொடுத்திருந்தார்.

தாளில் நான் கூடுதலாக ஒரு கட்டம் வைத்திருந்தேன்: சாம்பியன் யார், ஏன். சும்மா வைத்ததுதான். கடைசியில் முழுப் போட்டியிலும் திரும்பத் திரும்பப் படிக்கத் தோன்றியது அந்தக் கட்டம் மட்டும்தான்.

பாதிப் பேர் எண்ட் கேம் என்று எழுதியிருந்தார்கள். நியூசிலாந்து வண்டி, அதற்கு முந்தைய பட்டத்தை விப்லாஷ் என்ற வண்டியை வீழ்த்தி வென்றது. காரணம்: "போன தடவை ஜெயிச்சது." விற்பனைப் பிரிவு மொத்தமும் இந்த ரகம். மேலாளரும்தான்.

டூல் ரூம் பெரியவர் காரணத்தைத் தாளின் பின்பக்கம் வரை எழுதியிருந்தார். ஓய்வு பெற வேண்டிய வயதைத் தாண்டியும் கம்பெனி விடாமல் வைத்திருக்கும் மனிதர். அவருக்கு ஆயுதத்தின் உலோகம் முக்கியம். சுழலும் பிளேடின் நுனி வேகம் மணிக்கு 250 மைலைத் தாண்டக் கூடாது என்பது அங்கே விதி, நம் கணக்கில் சுமார் 400 கிலோமீட்டர். அந்த வேகத்தில் மோதும் இரும்பை டை ஸ்டீல் மாதிரி 60 ஹெச்ஆர்சிக்கு (கடினத்தன்மையின் அளவு) ஹார்டன் செய்தால் சில்லுச் சில்லாகப் போகும் என்று எழுதியிருந்தார். அடி தாங்கும் ரகத்தை எடுத்து, ஹார்ட்னஸைக் கொஞ்சம் இறக்கி டெம்பர் செய்ய வேண்டுமாம். எந்த வண்டியின் பிளேடு சண்டைக்குப் பின் மடங்கியிருந்தது, எது உடைந்திருந்தது என்று பழைய வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறார். மடங்கியதெல்லாம் அவருக்குப் பிடித்த வண்டி. ஹியூஜ் என்று ஒன்று, மிகப் பெரிய இரண்டு பிளாஸ்டிக் சக்கரத்துக்கு நடுவே பிளேடு தொங்கும். முதலில் "நடைவண்டி" என்று சிரித்தவர், அந்தச் சக்கரம் எங்கள் கன்வேயரில் கைடு பட்டையாகப் போடும் அதே வகைப் பாலிஎத்திலீன் என்று தெரிந்ததும் அமைதியாகிவிட்டார். "அடிச்சா வாங்கிக்கும், உடையாது. நாமதான் இத வெறும் பட்டையா வச்சிருக்கோம்" என்றார். அவர் தாளில் வரிசை எண் பார்க்காமல் இரும்பைப் பார்த்தே ஆள் தேர்வு. பின்வரிசை வண்டிகள் நிறைய.

மெயின்டனன்ஸ் அண்ணனுக்கு ஆயுதத்தைப் பற்றிக் கவலையில்லை. "சண்ட மூணு நிமிஷம்ப்பா. அதுக்கப்புறம் அடுத்த சண்டைக்குள்ள வண்டியைத் தூக்கி நிறுத்தணும்ல, அவன்தான் ஜெயிப்பான்." இரவு இரண்டு மணிக்கு பிரேக்டவுன் அழைப்பு வாங்கிப் பழகியவர் பேசும் பேச்சு. எந்த அணி உதிரிப் பாகம் தயாராக வைத்திருக்கிறது, எந்த வண்டியில் ஒரு மோட்டாரைக் கழற்ற நாலு மூடியைத் திறக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்து நிரப்பியிருந்தார். அவருடைய சாம்பியன் விட்ச் டாக்டர். மயாமி அணி. 2019 இறுதிச் சண்டையில் பைட் ஃபோர்ஸ் என்ற வண்டியிடம் தோற்றது. அந்த அளவுக்கு ஏறிவந்த அணிக்கு ரிப்பேர் தெரிந்திருக்கும் என்பது வாதம்.

அப்ரண்டிஸ் பெண் ஒருத்தி, கொரட்டூரிலிருந்து வருபவள், டான்ட்ரம் என்று எழுதியிருந்தாள். உருவத்தில் அடக்கமான வண்டி. சிறிய வட்டு ஒன்று சுழன்றுகொண்டே முன்னால் குத்துவிட்டுத் திரும்பும். பார்க்க மிரட்டலாக இருக்காது. அவள் எழுதிய காரணம் ஒரே வரி: "இத ஓட்டுறவங்க நல்லா ஓட்டுறாங்க." அதை ஓட்டுபவர் ஜிஞ்சர் ஷ்மிட் என்ற பெண். பொம்பளைப் பிள்ளைக்காக ஓட்டுப் போட்டுவிட்டாள் என்று கிண்டல் நடந்தது. அவளுடைய அப்பா ஆட்டோ ஓட்டுபவர். "பாடி பாலத்துக்குக் கீழ ஆறு மணிக்கு வந்து பாருங்கண்ணா. பெரிய வண்டி எல்லாம் நிக்கும், எங்கப்பா போயிட்டே இருப்பாரு" என்றாள். கிண்டல் நின்றது.

இறுதிச் சண்டை டான்ட்ரமும் விட்ச் டாக்டரும். டான்ட்ரம் வென்றது. அதாவது மெயின்டனன்ஸ் அண்ணன் கடைசிக்கு முந்தைய படி வரை சரி.

இப்போது அவருடைய கேள்விக்கு வருகிறேன். இந்த மாதிரிப் போட்டிகளில் வழக்கமான மதிப்பெண் முறை இரட்டிப்பு. முதல் சுற்றில் சரியான ஒவ்வொன்றுக்கும் 1, அடுத்து 2, பிறகு 4, 8, இறுதிக்கு 16. பார்க்க நேர்மையாக இருக்கும்: ஒவ்வொரு சுற்றுக்கும் மொத்தம் 16, ஐந்து சுற்றுக்கு 80. ஆனால் சாம்பியனைச் சரியாகச் சொன்னவருக்கு அந்த ஒரே வண்டி ஐந்து கட்டங்களிலும் மதிப்பெண் தரும். 1, 2, 4, 8, 16. கூட்டினால் 31. எண்பதில் முப்பத்தொன்று ஒரே ஒரு தேர்வுக்கு. முதல் சுற்று 16 சண்டைகளையும் அச்சு அசலாகச் சொன்னவருக்கோ மொத்தமே 16.

அந்தக் கணக்கில் அப்ரண்டிஸ் பெண்ணுக்கு 51, அண்ணனுக்கு 41. சரியானதுக்கு ஆளுக்கு ஒன்று என்று எண்ணினால் அவர் 22, அவள் 18. அண்ணனுக்காக மூன்றாவது ஒரு முறையும் போட்டுப் பார்த்தேன், 2, 3, 5, 8, 13 என்று மெதுவாக ஏறும் வரிசை. அவள் 64, அவர் 62. பத்து இரண்டாகச் சுருங்கியது, ஆள் மாறவில்லை. அதோடு விட்டிருக்கலாம். வரிசை எண்ணில் கீழே இருக்கும் வண்டி மேலே இருப்பதை வென்றால் அந்த எண் வித்தியாசத்தையும் கூட்டும் முறையைப் போட்டேன். டூல் ரூம் பெரியவர் எல்லோரையும் தாண்டி மேலே வந்து நின்றார். தாள்கள் அதேதான், சண்டைகள் அதேதான். கூட்டல் முறை மாற மாற மூன்று பேர் முதல்.

பேட்டில்பாட்ஸ் நடுவர்களுக்கும் இதே பாடுதான். மூன்று பேர், ஒவ்வொருவர் கையிலும் 11 புள்ளி: சேதத்துக்கு 5, ஆக்ரோஷத்துக்கு 3, கட்டுப்பாட்டுக்கு 3. சேதத்துக்கு அஞ்சு என்று வைத்த நிமிடமே, எதிரியைத் தள்ளிக்கொண்டே திரியும் வண்டியை விட ஒரே அடியில் எதையாவது பிய்த்தெறியும் வண்டிக்குச் சாதகம் வந்துவிட்டது. அணிகள் அதைப் பார்த்துத்தான் அடுத்த வருட வண்டியைச் செய்வார்கள். நானும் அதைத்தான் செய்வேன்.

எனக்கு இது புதிதாக இருந்திருக்கக் கூடாது. தரப் பிரிவில் எங்கள் பிழைப்பே இப்படி எண்களைச் சேர்ப்பதுதான். ஒரு பாகம் எப்படியெல்லாம் பழுதாகலாம் என்று எஃப்எம்இஏ போடும்போது விளைவின் தீவிரம், நிகழும் வாய்ப்பு, நம் சோதனையில் சிக்காமல் தப்பும் வாய்ப்பு, மூன்றுக்கும் 1 முதல் 10 வரை கொடுத்துப் பெருக்குவோம். பல ஆண்டுகள் அந்தப் பெருக்கலை வைத்துத்தான் எதை முதலில் சரி செய்வது என்று முடிவெடுத்தோம். ஸ்டியரிங் ஷாஃப்ட் முறிவது 10, 2, 3. பெயின்ட்டில் கீறல் 3, 4, 5. இரண்டுக்கும் 60. கீறலும் முறிவும் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். 2019இல் அமெரிக்க, ஜெர்மன் வாகனத் துறை அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட கையேடு அந்தப் பெருக்கலையே எடுத்துவிட்டது. இப்போது தீவிரத்தை முதலில் பார்த்து, அட்டவணையில் முன்னுரிமை தேட வேண்டும். அந்தப் பயிற்சி வகுப்பில் நான் தலையாட்டிக் குறிப்பெடுத்தேன். உண்மையில் உறைத்தது கேன்டீன் பலகை முன்னால் நின்றபோதுதான்.

சப்ளையர் மதிப்பீடும் அப்படித்தான். எங்கள் தாளில் தரம் 50, டெலிவரி 30, விலை 20. யார் எப்போது வைத்த எண்கள் என்று கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாது. ஃபோர்ஜிங் தரும் ஒருவர் வருடக்கணக்கில் ரிஜெக்ஷன் இல்லாமல் தருகிறார், ஆனால் எப்போதும் இரண்டு நாள் தாமதம். இன்னொருவர் சொன்ன தேதிக்கு வந்துவிடுவார், பெட்டிக்கு நாலு துண்டு போகும். ஒவ்வொரு காலாண்டும் முதலாமவர் மேலே, பர்ச்சேஸ்காரர்கள் முணுமுணுப்பு. அவர்கள் மேசையில் லைன் நின்றுபோகும் அழைப்பு வருகிறது, என் மேசையில் வாடிக்கையாளரின் புகார் வருகிறது. 50-30-20 என்பது என் மேசையிலிருந்து பார்த்த உலகம். 40-40-20 என்று மாற்றிப் போட்டுப் பார்த்தேன், இருவரும் இடம் மாறினார்கள். அந்தத் தாளை பர்ச்சேஸ் மேலாளரிடம் காட்டினேன். "இத மொதல்லயே காட்டியிருக்கலாமே" என்றார். மாதாந்திரக் கூட்டத்தில் வைத்தோம். விவாதம் இன்னும் முடியவில்லை.

அண்ணனுக்கு நான் சொன்ன பதில் எளிமையானது: விதி தாளின் அடியில் அச்சடித்திருந்தது, போட்டிக்கு முன்பே. "படிச்சேன்ப்பா, புரியல" என்றார். அதுவும் நியாயம்தான். விதியைப் புரிந்திருந்தால் முதல் சுற்றில் அவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டார், சாம்பியனைப் பற்றி இன்னும் இரண்டு நாள் யோசித்திருப்பார். தூக்கை அந்தப் பெண்ணே வாங்கிக்கொண்டாள். அதில் மறுநாள் அவள் அம்மா கொடுத்தனுப்பிய கேசரியில் அண்ணனுக்குத்தான் பெரிய பங்கு.

2023 ஜனவரியில் அடுத்த சீசன் தொடங்கியபோது, தாள் அச்சடிக்கும் முன்பே விதி பற்றி இரண்டு மதிய இடைவேளைகள் சண்டை. விற்பனைக்காரர்கள் இரட்டிப்பு வேண்டும் என்றார்கள், டூல் ரூம் வரிசை எண் வித்தியாசம் கேட்டது, அண்ணன் ஆளுக்கு ஒன்று. காரணம் எழுதும் கட்டத்துக்கும் மதிப்பெண் தர வேண்டும் என்றாள் அப்ரண்டிஸ் பெண், அப்போது அவள் நிரந்தர ஊழியர் ஆகியிருந்தாள். எல்லோருக்கும் பிடித்த யோசனை. ஆனால் யார் திருத்துவது என்று கேட்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் 2, 3, 5, 8, 13 ஜெயித்தது, யாருக்கும் முழுத் திருப்தி இல்லாததால்.

அந்தப் பட்டத்தை சாபிளேஸ் வென்றது. எங்கள் தாள்களில் அதைச் சாம்பியனாக எழுதியிருந்தவர் ஒரே ஒருவர், கேன்டீன் மாஸ்டர். அவர் தாளில் காரணக் கட்டம் சுத்தமாகக் காலி. கேட்டால், "பேரு நல்லா இருந்துது சார்" என்றார். கூட்டிப் பார்த்தேன், எந்த முறையில் கூட்டினாலும் அவர்தான் முதல்.